ஐம்பதிலும் வளையும்

புதிய மொழியைக் கற்கும் திறன் சிறுவயதோடு முடிந்துவிடுகிறது என்பது இன்று கிட்டத்தட்ட எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்ட கருத்து. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழியை ஒழுக்கத்துக்குச் சொன்னதோடு நிறுத்தாமல் மொழிக்கும் பொருத்திவிடுகிறார்கள். மாற்றலாகிப் பெங்களூருக்குப் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆனவர் கன்னடத்தில் காய்கறி விலை கேட்பதோடு நின்றுபோகிறார். காரணம் கேட்டால் 'இந்த வயசுக்கு மேல எங்க வரப்போகுது' என்கிறார். மகனோடு டொரன்டோவில் குடியேறிய தாயை ஆங்கில வகுப்பில் சேர்க்கலாமா என்ற பேச்சு எழுந்தால், 'அம்மாவுக்கு எதுக்கு இந்த வயசுல' என்று வீட்டாரே முடித்துவிடுகிறார்கள். பழமொழி போதாதென்று மூளை அறிவியலும் துணைக்கு அழைக்கப்படுகிறது. பதின்ம வயதின் தொடக்கத்தோடு மூளையில் மொழிக்கான கதவு அடைபட்டுவிடுகிறது என்பது இப்போது பத்திரிகைகளிலும் பள்ளி விளம்பரங்களிலும் சர்வசாதாரணமாகப் புழங்கும் வாக்கியம்.

இந்தக் கருத்து தவறு. வயது ஏற ஏறச் சில திறன்கள் குறைவது உண்மைதான். அவை எவை என்பது பின்னால் வரும். ஆனால் 'அந்த ஊரில் பிறந்தவரைப் போலவே பேச வராது' என்பது வேறு, 'கற்க முடியாது' என்பது வேறு. முன்னதற்குக் கிடைத்த சான்றைப் பின்னதற்குக் காட்டுவதுதான் இந்தக் கருத்தின் முதல் பிழை. நேரமும் தேவையும் கூடிவராமல் நேரும் தோல்வியை வயதின் கணக்கில் எழுதுவது இரண்டாவது பிழை.

அறிவியல் என்று சொல்லப்படுவதன் வேரிலிருந்து தொடங்க வேண்டும். கனடாவின் மொன்றியல் நகர நரம்பியல் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட், லாமர் ராபர்ட்ஸுடன் சேர்ந்து 1959இல் வெளியிட்ட நூலில், பிறமொழிகளைச் சிறுவயதிலேயே கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டார். 1967இல் எரிக் லென்னபெர்க் அதை ஒரு கொள்கையாக வளர்த்தெடுத்தார். மொழி தானாகப் படிவதற்கு உரிய பருவம் ஒன்று உண்டு. அது ஏறக்குறைய 2 வயதில் தொடங்கிப் பூப்புப் பருவத்தில் முடிகிறது என்பது அவர் வாதம். மூளையில் அடிபட்டுப் பேச்சிழந்த குழந்தைகள் பெரியவர்களைவிட நன்றாக மீண்டு வந்ததை அவர் முக்கியச் சான்றாகக் காட்டினார்.

இங்கே கவனிக்க வேண்டியது, லென்னபெர்க் பேசியது முதல் மொழியைப் பற்றி என்பது. இரண்டாம் மொழியைப் பற்றி அவர் எழுதியது சில பத்திகள்தான். அவற்றிலும் 40 வயதில் ஒருவர் வேற்றுமொழியில் பேசிப் பழகக் கற்றுக்கொள்ள முடியும் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். அது தன் கொள்கைக்கு முரண் இல்லை என்றும் விளக்குகிறார். மொழிக்கான அடித்தளம் குழந்தைப் பருவத்திலேயே மூளையில் போடப்பட்டுவிடுவதால், பின்னால் வரும் மொழிகள் அதன்மேல் ஏறிக்கொள்ள முடியும் என்பது அவர் நிலை. கதவு அடைபடுகிறது என்று அவர் பெயரைச் சொல்லிப் பேசுவோரில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள் என்பது ஐயத்துக்குரியது.

முதல் மொழிக்கும் அடுத்த மொழிக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியவர் ரேச்சல் மேபெரி. அமெரிக்கச் சைகை மொழியைப் பிந்திய வயதில் கற்ற இரு வகையினரை அவர் ஒப்பிட்டார். பிறவியிலேயே கேளாதவர்களாக இருந்து, எந்த மொழியும் சரிவரக் கிடைக்காமல் வளர்ந்து, பிறகு சைகை மொழிக்கு வந்தவர்கள் ஒரு வகை. காது கேட்டு ஒரு மொழியைப் பேசி வளர்ந்து, பின்னர் கேட்கும் திறனை இழந்து, அதே பிந்திய வயதில் சைகை மொழிக்கு வந்தவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினர் முதல் வகையினரை வெகுதூரம் விஞ்சினார்கள். இருவருக்கும் தொடங்கிய வயது ஒன்றுதான். முன்பே ஒரு மொழி இருந்ததா இல்லையா என்பதே வேறுபாடு. ஐம்பது வயதில் கன்னட வகுப்பில் உட்காரும் தமிழர் இந்த இரண்டாம் வகை. அவரிடம் ஏற்கெனவே ஒரு மொழி முழுமையாக இருக்கிறது. எழுவாய், பயனிலை, வேற்றுமை, காலம் எல்லாம் அவருக்குப் பெயர் தெரியாவிட்டாலும் பழக்கத்தில் தெரிந்தவை.

அடுத்து அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 1989இல் ஜாக்குலின் ஜான்சனும் எலிசா நியூபோர்ட்டும் வெளியிட்ட ஆய்வு. 3 வயதுக்கும் 39 வயதுக்கும் இடையில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த, சீனமோ கொரிய மொழியோ பேசும் 46 பேருக்கு 276 ஆங்கில வாக்கியங்களைக் கேட்கச் செய்து, ஒவ்வொன்றும் சரியா பிழையா என்று சொல்லச் சொன்னார்கள். 7 வயதுக்குள் வந்தவர்கள் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இணையாக மதிப்பெண் பெற்றார்கள். வந்த வயது கூடக் கூட மதிப்பெண் இறங்கியது. இதை வைத்துத்தான் கதவு அடைபடும் கதை பெரிதும் சொல்லப்படுகிறது. ஆனால் 17 வயதுக்கு மேல் வந்தவர்களின் சராசரி 210. அதாவது நான்கில் மூன்று பங்கு வாக்கியங்களை அவர்கள் சரியாகத் தீர்மானித்தார்கள். அவர்களுக்குள்ளேயே ஒருவருக்கும் மற்றவருக்கும் இடைவெளி மிகப் பெரிதாக இருந்தது. எந்த வயதில் வந்தார் என்பது அந்த இடைவெளியை விளக்கவில்லை. கதவு அடைபட்டிருந்தால் எல்லாரும் ஒரே வாசலில் தேங்கி நின்றிருக்க வேண்டும்.

46 பேரோடு நிற்காமல், கென்ஜி ஹகுதா, எலன் பியாலிஸ்டோக், எட்வர்ட் வைலி ஆகியோர் 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தார்கள். ஸ்பானிய, சீனப் பின்னணி கொண்ட 23 லட்சம் குடியேறிகளின் தகவல் அதில் இருந்தது. ஆங்கிலத் தேர்ச்சி வயதோடு மெல்ல மெல்லச் சரிகிறதே தவிர, குறிப்பிட்ட ஒரு வயதில் விளிம்பிலிருந்து விழுவதுபோல் விழவில்லை என்று 2003இல் அவர்கள் எழுதினார்கள். பள்ளிக் கல்வி எத்தனை ஆண்டு என்பதும் தேர்ச்சியைப் பெரிதும் நிர்ணயித்தது. படிப்பின் செல்வாக்கு அவ்வளவு பெரிது என்றால், எல்லாவற்றையும் மூளையின் மேல் போடுவதில் நியாயம் இல்லை.

2018இல் ஜோஷுவா ஹார்ட்ஷோர்ன், ஜோஷுவா டெனன்பாம், ஸ்டீவன் பிங்கர் மூவரும் வெளியிட்ட ஆய்வுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். இணையத்தில் வைத்த ஓர் இலக்கணத் தேர்வின் மூலம் ஏறக்குறைய 6,70,000 பேரின் விடைகளை அவர்கள் திரட்டினார்கள். 10 வயதுக்குமேல் தொடங்கினால் பிறமொழி சரளமாக வராது என்ற பொருளில் அது செய்தியானது. ஆய்வு சொன்னது வேறு. இலக்கணத்தைக் கற்கும் வேகம் 17 வயது தாண்டும்வரை குறையாமல் நீடிக்கிறது என்பதே அதன் முக்கிய முடிவு. அதுவரை கருதப்பட்டதைவிட இது பல ஆண்டுகள் பிந்திய வயது. 10 என்ற எண், பிறப்பிலேயே பேசுவோருக்குச் சற்றும் குறையாத இடத்தை எட்டுவோர் எப்போது தொடங்கியிருக்க வேண்டும் என்ற கணக்கில் வந்தது. 17, 18 வயதில் வேகம் ஏன் இறங்குகிறது என்பதற்கு மூளை மட்டுமே காரணம் என்று ஆய்வாளர்களும் அறுதியிடவில்லை. பள்ளி முடிந்து வேலைக்கும் குடும்பப் பொறுப்புக்கும் போகும் வயதும் அதுவே.

குழந்தைகள் மொழியைச் சிரமமில்லாமல், சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள் என்பது இந்தக் கருத்தின் இன்னொரு தூண். கண்ணெதிரே நடப்பதால் இதை மறுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு குழந்தை நாளொன்றுக்கு 5 மணி நேரம் மட்டுமே தன்னைச் சுற்றி நடக்கும் பேச்சைக் கேட்கிறது என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 1,825 மணி நேரம். ஐந்து ஆண்டில் 9,125 மணி நேரம். இத்தனை நேரத்துக்குப் பிறகு அந்தக் குழந்தைக்குத் தெரிவது ஐந்து வயதுக் குழந்தையின் மொழி. செய்தித்தாள் படிக்கத் தெரியாது, விண்ணப்பம் எழுதத் தெரியாது, வாடகை ஒப்பந்தம் புரியாது. தப்பாகச் சொன்னாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒரு சொல்லை நூறு முறை திருப்பிச் சொல்லித் தர வீடு முழுக்க ஆள் இருக்கிறது. அந்த மொழி இல்லாவிட்டால் பால்கூடக் கேட்க முடியாது. வாரம் இரண்டு நாள் ஒவ்வொரு மணி நேரம் வகுப்புக்குப் போகும் பெரியவருக்கு ஆண்டுக்குக் கிடைப்பது 104 மணி நேரம். குழந்தையின் 9,125 மணி நேரத்தை அவர் எட்ட 87 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கைபேசிச் செயலியில் தினமும் ஐந்து நிமிடம் பயில்பவருக்கு ஆண்டுக்கு 30 மணி நேரம் தேறுகிறது. இவர்களைக் குழந்தையோடு நிறுத்தித் தோற்றார்கள் என்பது ஒப்பீடே அல்ல.

நேரத்தைச் சமமாக்கிப் பார்த்தவர்கள் கண்டது எதிர்மாறானது. கேத்தரின் ஸ்நோவும் மரியான் ஹூஃப்நாகெல்-ஹோலெயும் 1978இல், நெதர்லாந்துக்குக் குடிவந்து டச்சு மொழியை அன்றாடச் சூழலிலேயே கற்ற, ஆங்கிலம் பேசும் குடும்பங்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 3 வயதுக் குழந்தை முதல் பெற்றோர்வரை எல்லா வயதினரும் அதில் இருந்தார்கள். முன்னால் நின்றவர்கள் 12 முதல் 15 வயதினர். தொடக்க மாதங்களில் பெரியவர்களும் விரைவாகவே முன்னேறினார்கள். எல்லாருக்கும் பின்னால் இருந்தவர்கள் 3 முதல் 5 வயதுவரையான குழந்தைகள். கதவு அகலத் திறந்திருப்பதாகச் சொல்லப்படும் வயதினர்.

பார்சலோனாவில் கார்மென் முன்யோஸ் தலைமையில் நடந்த நீண்ட ஆய்வு பள்ளிக்கூடத்துக்குள் இதைச் சோதித்தது. 8 வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும் அதற்குப் பிறகு தொடங்கியவர்களையும் 200, 416, 726 மணி நேரப் பாடம் முடிந்த ஒவ்வொரு கட்டத்திலும் ஒப்பிட்டார்கள். ஒரே அளவு பாட நேரத்தில் பிந்தித் தொடங்கியவர்களே முன்னிலையில் இருந்தார்கள். வயது கூடியவர் விதியை விளக்கினால் புரிந்துகொள்கிறார், குறிப்பு எழுதுகிறார், எது தனக்குத் தெரியவில்லை என்பதைத் தானே அறிகிறார். நீண்ட காலம் அந்த மொழியிலேயே புழங்கும் சூழல் இருந்தால் இளையவர்கள் கடைசியில் முந்திக்கொள்வதும் உண்மை. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் கிடைக்கும் புழக்கத்தின் பலன், வகுப்பறையில் கிடைப்பதல்ல. மூன்று வயதிலேயே சேர்த்தால்தான் மொழி வரும் என்று பெற்றோரிடம் பணம் வாங்கும் பள்ளிகள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

பெரியவர்களுக்கு உண்மையிலேயே நேரம் ஒதுக்கிக் கற்பித்த இடங்கள் உலகில் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், நடுத்தர வயதுத் தூதரக அதிகாரிகளுக்குப் பல பத்து ஆண்டுகளாக மொழி கற்பித்துவருகிறது. ஸ்பானியம், இத்தாலியம் போன்றவற்றுக்கு ஏறக்குறைய 600 முதல் 750 மணி நேரம். சீனம், ஜப்பானியம், அரபு, கொரிய மொழிகளுக்கு 88 வாரம், 2,200 மணி நேரம். தமிழை அவர்கள் கடினமான மொழிகளின் வரிசையில் வைத்து 44 வாரம், 1,100 மணி நேரம் ஒதுக்குகிறார்கள். அதன் முடிவில் அலுவல் பணிக்குப் போதுமான பேச்சையும் வாசிப்பையும் எதிர்பார்க்கிறார்கள். 1,100 மணி நேரம் என்பது மேலே சொன்ன குழந்தையின் கணக்கில் 220 நாள்தான்.

இஸ்ரேலில் 1949இல் எருசலேமில் தொடங்கிய 'உல்பான்' வகுப்புகள், பல நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த பெரியவர்களுக்கு ஐந்து மாதத் தீவிரப் பயிற்சியில் எபிரேயம் கற்பித்தன. அவர்களில் பெரும்பாலோருக்கு அது வீட்டு மொழியே அல்ல. ஜெர்மனியில் 2005 முதல் குடியேறிகளுக்கு நடத்தப்படும் ஒருங்கிணைப்பு வகுப்பில் மொழிக்கு மட்டும் 600 மணி நேரம். ஓர் அரசு பணம் செலவழித்து இத்தனை மணி நேரத்தை நிர்ணயிக்கிறது என்றால், பெரியவர்கள் கற்பார்கள் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது.

தமிழுக்கே வந்து கற்றவர்களைப் பார்த்தாலும் நேரத்தின் பங்கு தெரியும். பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கியபோது அவருக்கு ஏறக்குறைய 24 வயது. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம் இடத்துக்கே வரவழைத்து, சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். பிறகு நாளின் பெரும்பகுதியைத் தமிழ் நூல்களோடும் அவற்றைப் படித்துக்காட்டும் உள்ளூர்க் கற்றறிந்தோரோடும் கழித்தார். 1708இல் அவர் தொகுத்த நூற்பட்டியலில் 119 தமிழ் நூல்கள் இடம்பெற்றன. 1715இல் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சகத்தில் முழுமையாக வெளிவந்தது. இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர் இந்தியா வந்தது 1710இல், ஏறக்குறைய 30 வயதில். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியும் 1732இல் வந்த சதுரகராதியும் அந்த வயதுக்குமேல் கற்ற தமிழில் எழுந்தவை.

இவர்கள் மேதைகள், இவர்களைக் காட்டி எல்லாருக்கும் வரும் என்று சொல்லக்கூடாது என்ற மறுப்பு வரும். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. மேதைகளை மட்டும் அடுக்கி இந்த வழக்கை வெல்ல முடியாது. மேதைகள் தேவையும் இல்லை. திருப்பூர் பின்னலாடை ஆலைகளிலும் கோவை வார்ப்படப் பட்டறைகளிலும் சென்னைக் கட்டட வேலைகளிலும் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். வகுப்பு இல்லை, பாடநூல் இல்லை, பலருக்குப் பள்ளிப் படிப்பே முழுதாக இல்லை. சில ஆண்டுகளில் கடையிலும் பேருந்திலும் மேஸ்திரியிடமும் தமிழில் பேசிச் சமாளிக்கிறார்கள். 'அண்ணா, சம்பளம் எப்போ' என்று கேட்கத் தெரியாவிட்டால் சம்பளம் தள்ளிப்போகும்; அதனால் தெரிந்துகொள்கிறார்கள். கேரளம் இதை ஒரு படி முன்னே கொண்டுபோனது. மாநில எழுத்தறிவு இயக்கம் 2017இல் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைத் தொடங்கி, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் எழுதப் படிக்கவும் கற்றுக்கொடுக்கிறது.

ஈழத்தமிழர் அனுபவம் இன்னும் நெருக்கமானது. 1980களிலிருந்து சுவிட்சர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் நோர்வேக்கும் ஏதிலிகளாகப் போனவர்களில் மிகப் பலர் வயதுவந்தவர்கள். உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலையிலும் மீன் பதப்படுத்தும் ஆலையிலும் சேர்ந்து, வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில் மொழி கற்றார்கள். ஜெர்மன் பேசும் சுவிஸ் பகுதியில் நிலைமை இரட்டிப்புக் கடினம்: தெருவில் பேசுவது வட்டார வழக்கு, அலுவலகத் தாளில் எழுதுவது பொது ஜெர்மன். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறுவேறாக இருக்கும் வீட்டிலிருந்து போனவர்களுக்கு அந்தப் பிளவு புதிதல்ல என்பதும் குறிப்பிடத்தக்கது. 2018 முதல் சுவிஸ் குடியுரிமை கேட்பவர் ஐரோப்பிய மொழித் தேர்ச்சி அளவுகோலின்படி பேச்சில் பி1 நிலையும் எழுத்தில் அதற்கு ஒரு படி கீழான ஏ2 நிலையும் காட்டியாக வேண்டும். ஜெர்மனியில் வாழும் துணையுடன் சேரப் போகிறவர் 2007 முதல் பொதுவாக விசாவுக்கு முன்பே தொடக்க நிலையான ஏ1 தேர்வில் தேற வேண்டும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சென்னையிலும் திருமணத்துக்குப் பின் ஜெர்மன் பாடம் படிக்க உட்கார்ந்தவர்கள் யாரும் பத்து வயதுப் பிள்ளைகள் அல்லர். கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் ஜெர்மன் மருத்துவமனைகளுக்குப் போகும் செவிலியர்கள் பெரும்பாலும் பி2 நிலைவரை ஏறுகிறார்கள். அது நோயாளியின் வலியைக் கேட்டறிந்து மருத்துவரிடம் அறிக்கை சொல்லும் நிலை. இருபதுகளிலும் முப்பதுகளிலும், இரவுப் பணிக்கு நடுவே, பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு படித்து அவர்கள் அங்கே போய்ச் சேர்கிறார்கள்.

இனி, வயது உண்மையிலேயே எடுத்துக்கொள்வது எது என்பதைச் சொல்ல வேண்டும். முதலாவது, ஒலி. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகள் இந்தியின் தகர, டகர ஒலிகளை 6 முதல் 8 மாதத்தில் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் பெரிதும் மங்கிவிட்டது. 'பத்து', 'பட்டு' என்ற இரண்டும் தமிழ்க் காதுக்கு எவ்வளவு தெளிவாக வேறுபடுகின்றன என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும். கதவு அடைபடும் வாதத்துக்கு இது வலுச் சேர்ப்பதுபோல் தோன்றும். உண்மையில் அதைக் கவிழ்க்கிறது. காது தாய்மொழிக்குத் தன்னைக் குறுக்கிக்கொள்வது முதல் பிறந்தநாளுக்குள் நடக்கிறது. அதுவே கதவு என்றால், மழலையர் பள்ளியில் சேரும் பிள்ளைக்கும் அது அடைபட்டே இருக்கிறது. அந்தப் பிள்ளை மொழி கற்கிறதே. ஆகவே குறுகிய காது திரும்பவும் விரியக் கூடியது. ஆங்கிலத்தின் ரகர, லகர ஒலிகளைப் பிரித்தறியத் திணறும் ஜப்பானியப் பெரியவர்களுக்கு, பலருடைய குரல்களில் அந்தச் சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். 1991லும் 1997லும் வெளியான ஆய்வுகளில் அவர்கள் கேட்டுப் பிரித்தறிவது முன்னேறியது, சொல்லிக்காட்டுவதும் முன்னேறியது.

முழுமையாக முன்னேறிவிடும் என்று சொல்லக்கூடாது. வளர்ந்தபின் கற்ற மொழியில் தாய்மொழியின் சாயல் பெரும்பாலோருக்கு ஒட்டிக்கொண்டே இருக்கும். ஜோசப் கான்ராட் 1857இல் போலந்துக் குடும்பத்தில் பிறந்து, இருபது வயதுக்குமேல் ஆங்கிலம் கற்றவர். ஆங்கில நாவலின் முதல் வரிசையில் வைக்கப்படும் அவர், பேசும்போது கடைசிவரை போலந்துச் சாயலோடுதான் பேசினார். சாயல் குறை அல்ல. மலையாளி பேசும் தமிழும் தமிழர் பேசும் தெலுங்கும் யாருக்கும் புரியாமல் போனதில்லை.

அறுபது, எழுபது வயதில் வேறு தடைகளும் சேர்கின்றன. மெல்லிய மெய்யொலிகள் காதில் சரியாக விழுவதில்லை. தெரிந்த சொல்லே நாவுக்கு வரத் தாமதமாகிறது. ஒரே நேரத்தில் பல புதிய செய்திகளை மனத்தில் தாங்குவது குறைகிறது. இவையெல்லாம் பாடத்தின் வேகத்தைக் குறைக்கச் சொல்கின்றன. பாடத்தை நிறுத்தச் சொல்லவில்லை. திருப்பிப் பார்ப்பதை எப்படி அடுக்குவது என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. ஹாரி பாரிக் என்ற உளவியலாளரும் அவர் மனைவியும் இரண்டு மகள்களும் தங்களையே சோதனைக்கு உட்படுத்தி, 300 வேற்றுமொழிச் சொற்களை ஆண்டுக்கணக்கில் படித்துப் பார்த்தார்கள். 14 நாளுக்கு ஒருமுறை வீதம் 26 தடவை திருப்பிப் படித்த சொற்களும், 56 நாளுக்கு ஒருமுறை வீதம் 13 தடவை மட்டும் படித்த சொற்களும் பின்னாளில் கிட்டத்தட்ட ஒரே அளவில் நினைவில் நின்றன. இடைவெளி விட்டுப் படித்ததில் பாதி உழைப்பு மிச்சம். மறந்துவிட்டதே என்று சோர்ந்து நிறுத்துகிறவர், உண்மையில் திருப்பிப் பார்க்க வேண்டிய நாளில் நிற்கிறார்.

தோற்றவர்களின் கதையையும் நேர்மையாகப் படித்தால் வயது அங்கே குற்றவாளியாக நிற்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் தமிழ்த் தொழிலாளர்களோடு பழகிய காந்தி தமிழ் கற்க விரும்பினார். கப்பல் பயணங்களில் படித்தார்; ஜி.யு. போப் எழுதிய கையேட்டைத் தாண்டிப் போகவில்லை என்று தன் வரலாற்றில் குறிப்பிடுகிறார். அப்போது அவர் முப்பதுகளில் இருந்தார். போராட்டமும் பத்திரிகையும் வழக்குகளும் அவர் நாளை முழுக்க விழுங்கிக்கொண்டிருந்தன. அவருடைய சீடர் வினோபா பாவே 1942 இயக்கத்தில் கைதானபோது வயது ஏறக்குறைய 47. வேலூர்ச் சிறையில் தென்னாட்டின் நான்கு மொழிகளையும் கற்றார். சீடருக்கு வாய்த்தது நீண்ட பகல்களும், பக்கத்திலேயே அந்த மொழிகளைப் பேசும் சக கைதிகளும். அதே காந்தி, 1946 இறுதியில் நோவாகாலியின் கிராமங்களில் நடந்தபோது 77 வயதில் வங்காளம் எழுதிப் பழகினார்.

இந்த மறுப்பை வலுப்படுத்துவதற்காக மிகைக்குப் போகவும் கூடாது. புது மொழி கற்றால் மறதி நோய் வராது என்று இப்போது சொல்லி விற்கிறார்கள். ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி தலைமையில் 648 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழி பேசுவோருக்கு மறதி நோய் சராசரியாக நாலரை ஆண்டு பிந்தித் தோன்றியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. அது அரிய ஆய்வு. ஆனால் அது பேசுவது அன்றாட வாழ்வில் இரு மொழியோடு புழங்கியவர்களைப் பற்றி. 60 வயதில் வகுப்பில் சேர்ந்தவரைப் பற்றி அல்ல. மொழி கற்க மருந்தின் நியாயம் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு பேச முடிவதே போதுமான காரணம்.

கற்க முடியாது என்ற கருத்து வெறும் தவறான கருத்தாக மட்டும் இருந்தால் இவ்வளவு மறுக்க வேண்டியதில்லை. அது தீங்கு செய்கிறது. தொழிலாளிக்கு மாலை வகுப்பு வைக்கச் சொன்னால் 'பெரியவங்களுக்கு வராது' என்று முதலாளி தட்டிக்கழிக்க அது உதவுகிறது. வாரம் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், ஐம்பது வாரம் நடத்தினால் 500 மணி நேரம். ஜெர்மனி ஒதுக்கும் 600க்கு அருகில் வந்துவிடுகிறது. திருப்பூரிலோ ஓசூரிலோ இதற்கு ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் போதும். முதியவர்களுக்கு அது செய்யும் தீங்கு இதைவிடப் பெரிது. பிள்ளைகளோடு வெளிநாட்டுக்கோ வேற்று மாநிலத்துக்கோ போன பெற்றோர், மருத்துவரிடம் தங்கள் உடம்பைப் பற்றிப் பேசவும் மகனுக்கு விடுமுறை கிடைக்கும்வரை காத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துவரும் தோழியிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல் அடுக்களைக்குள் போய்விடுகிறார்கள். நாற்பது ஆண்டு குடும்பத்தை நடத்திய பெண் ஊமையாக்கப்படுகிறார். அதற்கு மூளை காரணம் அல்ல. வகுப்புக்கு யாரும் கூட்டிப்போகவில்லை என்பதே காரணம்.

அவர்களைக் கூட்டிப்போங்கள். சமவயதினர் இருக்கும் வகுப்பாகப் பாருங்கள். எழுத்துப் பெரிதாக அச்சிட்ட பாடநூல் வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் தப்பைத் திருத்தாமல் பத்து நிமிடம் அந்த மொழியில் பேசவிடுங்கள். கனடாவில் நிரந்தர வதிவிட உரிமையோடு குடியேறும் பெரியவர்களுக்கு 1992 முதல் அரசே கட்டணமின்றி மொழி வகுப்பு நடத்துகிறது. அதில் சேரக் குறைந்தபட்ச வயது உண்டு. மேல் வயது வரம்பு இல்லை.